திரௌபதி ரதம்: மாமல்லபுரத்தில் கொற்றவைக்கு ஒரு கல் குடிசை

மாமல்லபுரம் ஐந்து ரத வளாகத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது திரௌபதி ரதம். வருபவர்களில் பெரும்பாலோர் அதன் முன் நிற்கும் கல் சிங்கத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, தெற்கே உயர்ந்து நிற்கும் தருமராச ரதத்தை நோக்கி நடந்துவிடுகிறார்கள். ஐந்தில் மிகச் சிறியது இதுதான்: ஏறத்தாழ 11 அடி சதுரம், 18 அடி உயரம். இதற்கு இரண்டு நிமிடம் போதும் என்று தோன்றுவது இயல்பு. அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஐந்து ரதங்களில் கீழ்த்தளக் கருவறையில் தெய்வ உருவம் செதுக்கி முடிக்கப்பட்டிருப்பது இது ஒன்றில்தான். அந்தத் தெய்வம் ஓர் அம்மன். சிவனுக்கோ திருமாலுக்கோ துணையாக இல்லாமல், தானே மூலவராக நிற்கும் கொற்றவை, அதாவது துர்க்கை.

பெயரை முதலில் மறந்துவிட வேண்டும். பாண்டவர்களுக்கும் இந்த ஐந்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிற்காலத்தில் மக்கள் வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். இவை தேர்களும் அல்ல, கோயில்கள். வெவ்வேறு கோயில் வடிவங்களைப் பல்லவச் சிற்பிகள் ஒற்றைக் கல்லில் வடித்துப் பார்த்த இடம் இது. திரௌபதி என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு அங்கே சங்கு சக்கரம் ஏந்திய உருவம் ஏன் நிற்கிறது என்று புரியாது.

இது ஏன் இவ்வளவு சிறியது? திரௌபதி, அருச்சுனன், பீமன், தருமராசன் என நான்கு ரதங்களும் வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. மூலப்பாறை திமிங்கில முதுகுபோலத் தெற்கே உயர்ந்து வடக்கே சரிந்திருந்தது. உயரமான முனையில் மூன்று தள விமானம் எழும்பியது. தாழ்ந்த முனையில் கிடைத்த கல்லுக்கு ஒரு குடிசைதான் பொருந்தும். சிற்பி அந்தக் குறையையே வடிவமாக்கிக்கொண்டார். நுழைவாயில் பக்கம் நின்று நான்கின் உச்சிகளையும் ஒரு கோடாகப் பார்த்தால் அந்தப் பழைய பாறையின் சரிவு இப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

ஒற்றைக்கல் கோயிலைக் கட்டும் வேலை கீழிருந்து தொடங்குவதில்லை. உச்சியில் தொடங்கி அடித்தளத்தில் முடியும். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் கோடிட்டு, கோட்டின் வழியே உளியால் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சும் கட்டியைத் தட்டிப் பெயர்ப்பார்கள். அந்த மட்டம் முடிந்ததும் அடுத்த மட்டம். ஊருக்குள் இருக்கும் மலையின் மேற்குப் பக்கம் முடிக்கப்படாமல் கிடக்கும் குடைவரைகளில் (பாறையைக் குடைந்த கோயில்களில்) இந்தச் சதுரங்களை இன்றும் எண்ணலாம். இந்த முறையில் உள்ள ஆபத்து, ஒரு மூக்கு உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. ஒரு விரிசல் வெளிப்பட்டால் அதற்கேற்ப வரைவையே மாற்றவேண்டும். வேலை இடையில் நின்றால் மேல்பாதி மெருகோடும் கீழ்ப்பாதி முரட்டுக் கல்லாகவும் நின்றுவிடும். பீம ரதத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், அப்படித்தான் நிற்கிறது. திரௌபதி ரதம் சிறியதாக இருந்ததால்தான் கருவறை வரை வேலை நிறைந்தது.

இனி கூரை. இந்தக் கோயிலின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது. நான்கு பக்கமும் மெல்ல வளைந்து இறங்கும் ஓலைக் கூரையின் வடிவம். தளங்கள் இல்லை, மாடவரிசை இல்லை. பக்கத்தில் நிற்கும் அருச்சுன ரதத்தோடு ஒப்பிட்டால் இந்த எளிமை எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும். கூரையின் நான்கு மூலை விளிம்புகளிலும் கொடிக்கருக்கு (சுருண்டோடும் கொடி) வேலைப்பாடு பட்டையாக ஓடுகிறது. நிஜக் குடிசையில் இரண்டு சரிவுகள் சேரும் மூலைதான் முதலில் ஒழுகும். அங்கே ஓலையை அடர்த்தியாக வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டைத்தான் சிற்பி அலங்காரப் பட்டையாக மாற்றியிருக்கிறார். காட்டோரத்தில் மண்சுவரும் ஓலையுமாக இருந்திருக்கக்கூடிய அம்மன் கோயில்கள் எதுவும் நம் கைக்கு எட்டவில்லை. அவற்றின் உருவம் கல்லில் தங்கியிருப்பது இங்கேதான். உச்சியில் தூபி (கலசம்) இல்லை. கூரை மொட்டையாக முடிவதற்கு அதுதான் காரணம்.

கூரையிலிருந்து கண்ணை நேரே அடித்தளத்துக்கு இறக்குங்கள். திரௌபதி ரதமும் அருச்சுன ரதமும் ஒரே உபபீடத்தின், அதாவது அடிமேடையின் மேல் நிற்கின்றன. அதைத் தாங்குவதுபோல யானை முகமும் சிங்க முகமும் மாறிமாறி வெளியே நீள்கின்றன. அருச்சுன ரதத்தின் பின்புறம் கல் நந்தி படுத்திருப்பதால் அது சிவனுக்குரியது என்று கொள்கிறார்கள். ஆக, ஒரே மேடையில் சிவனும் தேவியும் தனித்தனி வீட்டில். இரண்டையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டுமானால் மேற்கே சிங்கத்துக்கும் பின்னால் தள்ளிப்போய் நிற்கவேண்டும். அருகில் நின்றால் கூரையின் வளைவு தட்டையாகிவிடும்.

வாசல் மேற்கு பார்த்தது. மேலே மகரதோரணம் (மகர மீன் முகங்கள் கொண்ட அலங்கார வளைவு), இரு பக்கமும் காவல் பெண்கள். கோயில் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் ஒரு விதி இதில் இருக்கிறது. கருவறை வெறுமையாக இருந்தாலும் வாயில்காவலர்களைப் பார்த்துத் தெய்வத்தை ஊகிக்கலாம். பெண்கள் காவல் நின்றால் உள்ளே அம்மன். மலையின் மேற்குப் பக்கத்துக் கொடிக்கால் மண்டபத்தில் இன்று உருவம் எதுவும் இல்லை. ஆனாலும் அதைக் கொற்றவை கோயில் என்று சொல்வது, வாசலில் ஆயுதத்தோடு நிற்கும் இரண்டு பெண்களை வைத்துத்தான். திரௌபதி ரதத்துக் காவல் பெண்களிடம் மிரட்டும் தோரணை கிடையாது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, எடையை ஒரு காலில் போட்டு, நெடுநேரம் நின்று பழகியவர்களைப் போல நிற்கிறார்கள்.

வாசல்படியிலிருந்தே உள்ளே பார்க்கலாம். பின்சுவரில் தேவி தாமரைப் பீடத்தின் மேல் நேராக நிற்கிறாள். நான்கு கைகள். மேல் கைகளில் சக்கரமும் சங்கும், கீழ் வலக்கை அபயம் காட்ட, இடக்கை இடுப்பில். மேலே பூதகணங்கள் மிதக்கின்றன. காலடியில் இரண்டு பக்தர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் வணங்குகிறார். மற்றவர் ஒரு கையால் தன் தலைமயிரைப் பற்றிக்கொண்டு, மறு கையால் வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறார். இந்த மனிதரின் முன் கொஞ்சம் நில்லுங்கள். கழுத்தும் வாளும் சேரும் இடத்தில் சிற்பி அவசரப்படவில்லை, கோரமாக எதையும் காட்டவும் இல்லை. மயிரைப் பற்றிய கை தலையை மேல்நோக்கி இழுக்க, கழுத்து வாளுக்கு வாகாக நிமிர்கிறது. மேலே நிற்பவளின் முகம் சலனமின்றி இருக்கிறது. பயத்தையும் பக்தியையும் இவ்வளவு சிறிய சுவரில், இவ்வளவு சத்தமில்லாமல் வேறெங்கும் செதுக்கியதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இதை நவகண்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நவகண்டம் என்றால் உடம்பின் ஒன்பது இடங்களில் அறுத்துக் கொடுப்பது. தலையை மட்டும் அரிந்து கொடுப்பது அரிகண்டம். இங்கே இருப்பது இரண்டாவது. போருக்குப் புறப்படும் முன்னோ, தலைவனுக்காக நேர்ந்துகொண்டோ வீரர்கள் கொற்றவைக்குத் தலை கொடுத்த மரபின் சாட்சி இது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி இதே தெய்வத்தை எருமைத் தலைமேல் நிற்பவள் என்றும், கலைமான்மேல் நிற்பவள் என்றும் பாடுகிறது. பாலை நிலத்து வேடர்களான எயினர்களின் தெய்வம் கையில் சங்கு சக்கரத்தோடு அரசனின் கோயிலுக்குள் வந்து நிற்பதை இந்தச் சின்ன அறையில் பார்க்கிறோம்.

உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோயிலை ஒருமுறை சுற்றி வரவேண்டும். மற்ற மூன்று பக்கச் சுவர்களிலும் கோட்டம் (சுவர் மாடம்) அமைத்துத் தேவியையே செதுக்கியிருக்கிறார்கள். பின்புறம், கிழக்குக் கோட்டத்தில் அவள் எருமைத் தலைமேல் நிற்கிறாள். நாலு பக்கமும் ஒரே தெய்வம். பரிவார மூர்த்தி என்று ஒருவரும் கிடையாது. பின்னாளில் சோழர் கோயில்களில் இந்தத் துர்க்கை வடக்குச் சுவர்க் கோட்டத்துக்கு ஒதுங்கிவிட்டாள். இங்கே சுவர் முழுவதும் அவளுடையது.

குறைகளையும் சொல்லவேண்டும். விளக்கப் பலகைகள் காலத்தையும் அரசன் பெயரையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அரிகண்டம் பற்றியோ, காவல் பெண்களைக் கொண்டு கோயிலை அடையாளம் காண்பது பற்றியோ ஒரு வரி இருந்தால் வருகிறவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் நிற்பார்கள். வழிகாட்டிகளிலும் தரம் சீராக இல்லை. பாண்டவர் வனவாசக் கதையைச் சொல்லி முடிப்பவர்களும் உண்டு, அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) தொடங்கி உறுப்பு உறுப்பாக விளக்குபவர்களும் உண்டு. பேச்சைத் தொடங்கும் முன் "உள்ளே இருக்கிறது யாருங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். அரசு உரிம அட்டை இருக்கிறதா என்று பார்த்து, தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

வளாகத்தில் நிழல் குறைவு. மணலும் கல்லும் சேர்ந்து நண்பகலில் அனலைத் திருப்பி அடிக்கும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போனால் இரண்டு விதத்தில் நட்டம். வெயில் உச்சியிலிருந்து விழுவதால் புடைப்புச் சிற்பங்களில் நிழல் விழாமல் எல்லாம் சப்பையாகத் தெரியும். வெளியின் கூச்சத்தில் சுருங்கிய கண்ணுக்குக் கருவறை வெறும் இருட்டாகவே இருக்கும். மேற்கு வாசல் என்பதால் மாலை 4 மணிக்கு மேல் சாய்வெயில் படியைத் தாண்டி உள்ளே நுழைகிறது. தேவியின் முகமும் வாள் ஏந்திய கையும் அப்போதுதான் தெளிகின்றன. கைப்பேசியின் வெளிச்சத்தை நேராக அடித்தால் புடைப்பு மறைந்துவிடும். பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்கவேண்டும். கிழக்குக் கோட்டத்தை மட்டும் காலையில் பார்ப்பதே சரி.

கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று இந்தக் கல்லுக்குத் தீராத பகை. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது மேல்தோல் செதில் செதிலாக உதிரும். கடற்கரைக் கோயிலில் காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கும் பராமரிப்பு நடப்பது இதனால்தான். ரதங்கள் நெடுங்காலம் மணல் மூடிக் கிடந்ததும் ஒரு வகையில் பாதுகாப்பாயிற்று. சிற்பத்தின் மேல் கை வைக்காதீர்கள். கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. சிங்கத்தின் முதுகில் குழந்தையை ஏற்றிப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வணக்கமாகக் குங்குமமோ எண்ணெயோ வைப்பதும் அதே அளவு கேடு; இங்கே வழிபாடு நடப்பதில்லை.

ரதத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் கொற்றவையின் கதையில் ஓர் அத்தியாயத்தோடு நின்றுவிட்டதாக அர்த்தம். கலங்கரை விளக்கத்தருகே மலைமேல் இருக்கும் மகிடாசுரமர்த்தினி மண்டபம் கிழக்கு பார்த்தது. அங்கே காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். அது அம்மன் கோயில் அல்ல; நடுக் கருவறையில் இருப்பது சோமாஸ்கந்தர், அதாவது உமையோடும் கந்தனோடும் அமர்ந்த சிவன். ஆனால் வடக்குச் சுவரில் இருக்கும் போர்க் காட்சிக்கு ஈடாகப் பல்லவர் சிற்பத்தில் இன்னொன்றைச் சொல்வது கடினம். எட்டுக் கைகளோடு சிங்கத்தின் மேல் அமர்ந்து, நாணைக் காதுவரை இழுத்தபடி தேவி பாய்கிறாள். எருமைத் தலையும் மனித உடம்புமாக, கதாயுதத்தை இரு கைகளாலும் பற்றிய மகிடன் பின்வாங்குகிறான். உருவத்தில் அவன் அவளைவிடப் பெரியவன்; முடி தரித்திருக்கிறான், அவனுக்கும் அரசக் குடை பிடிக்கிறார்கள். எதிரியைச் சிறுமைப்படுத்தாமல் வெற்றியைக் காட்டியிருக்கும் கண்ணியம் இது. போர் இன்னும் முடியவில்லை. ஆனால் அவன் உடம்பின் சாய்வே முடிவைச் சொல்லிவிடுகிறது. தேவி மண்டபத்தின் உள்பக்கமிருந்து வருகிறாள். மகிடன் வாசல் பக்கமாகச் சாய்கிறான். அதாவது கோயிலை விட்டே அவனை வெளியே தள்ளுகிறாள். இந்தத் திசை விளையாட்டு புத்தகப் படங்களில் தெரியாது, நேரில் நின்றால்தான் தெரியும். எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார். தேவியின் புகழ் பாடும் தேவி மாகாத்மியத்தில், அவர் துயிலும்போது மது, கைடபர் என்ற அசுரர்கள் வரும் கதையும் மகிடன் வதையும் அடுத்தடுத்து வருபவை. இரண்டையும் எதிரெதிரே வைத்து நடுவில் நம்மை நிறுத்தியிருக்கிறார்கள்.

வராக மண்டபத்தின் பின்சுவரிலும் தேவி நிற்கிறாள். அங்கே சிங்கமும் மானும் இரண்டும் உண்டு, காலடியில் தலை கொடுக்கும் பக்தரும் உண்டு. திருமூர்த்தி குடைவரையின் பக்கவாட்டில் எட்டுக் கையோடு எருமைத் தலைமேல் நிற்பவளைப் பலரும் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். இவை மேற்கு பார்த்தவை, பிற்பகலுக்கு உரியவை. ஆதிவராகக் குடைவரையிலும் துர்க்கை உண்டு. அது வழிபாட்டில் இருக்கும் கோயில். பூசை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும்.

கடற்கரைக் கோயிலில் தேடவேண்டியது ஒரு சிங்கத்தை. அதன் மார்பில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து, உள்ளே உள்ளங்கையளவு துர்க்கையை வடித்திருக்கிறார்கள். கீழே தலையில்லாத மான் ஒன்று படுத்திருக்கிறது. ஊர்தியின் நெஞ்சையே கருவறையாக்கிய இந்தக் கற்பனையை வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வெறும் ஓட்டை என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். நேர் எதிரே நின்று, கண்ணை மாடத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தினால் உருவம் தெரியும்.

காலம் பற்றி ஒரு சொல். ரதங்களை முதலாம் நரசிம்மவர்ம மாமல்லன் காலத்தவை என்று, அதாவது 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். மாமல்லபுரத்துப் பணிகள் எல்லாமே பிந்திய பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தவை என்று வாதிட்டவர் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 1,250 ஆண்டுகளுக்குக் குறையாது.

நடைமுறைக்கு வருவோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டருக்குள். வளாகம் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். இந்தியர்களுக்கு நுழைவுச் சீட்டு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அன்றைக்கு ஒரே சீட்டு செல்லும், கிழித்தெறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்துவிட்டுப் போனால் வாசலில் வரிசை மிச்சம். முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் மாலையில் திரௌபதி ரதத்தின் வாசலில் நின்று பார்க்கவே இடம் கிடைக்காது. வார நாளில் போங்கள். வரிசை இப்படி இருந்தால் வெயிலும் வெளிச்சமும் இரண்டும் ஒத்துழைக்கும்: விடிந்ததும் மகிடாசுரமர்த்தினி மண்டபம், அடுத்து கடற்கரைக் கோயில், வெயில் ஏறியதும் ஓய்வு, 2:30க்கு மேல் வராக மண்டபம், திருமூர்த்தி, கொடிக்கால் மண்டபம், 4 மணிக்கு ரதங்கள். மலையிலிருந்து ரதங்களுக்கு ஒரு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும், நடந்தே போகலாம். வண்டி இருந்தால் வடக்கே 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். அதிரணசண்ட மண்டபத்தின் எதிரே தரையோடு தரையாக இருக்கும் பாறையில் இதே மகிடன் போரின் பிந்திய கட்டம் சிறிய அளவில் செதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டமே இருக்காது.

தலை கொடுக்கும் பக்தரும் மானும் சிங்கமும் சோழர் கையில் எப்படி ஆயின என்று பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்து தஞ்சாவூர்ப் பக்கம் புள்ளமங்கை பிரமபுரீசுவரர் கோயிலுக்குப் போகவேண்டும். வடக்குக் கோட்டத்தில் குடைக்குக் கீழே எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கைக்கு இன்றும் விளக்கு எரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கில் கல் கறுத்திருப்பதால் பக்தரின் கையில் உள்ள வாளைக் கொஞ்சம் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கும்.